கன்னத்தில் முள், வாலில் கத்தி

"கையெழுத்துப் போட மாட்டேன் சார். நூறு தடவை கேட்டாலும் இதேதான்."

"போடாம எப்படிப் போவ? அந்தத் தொட்டியில இருக்கிற ஒவ்வொரு மீனும் நீ பொறுக்கிப் போட்டது. இப்ப அதுங்களே பவளத்தைக் கொத்தித் தின்னுதுங்க. தப்பு யாருது, என்னுதா?"

"நான் பொறுக்கின மீன் பவளத்துல வாய் வைக்காது."

"அப்போ பவளம் தன்னைத் தானே தின்னுக்கிச்சா?"

பல் ஆஸ்பத்திரியின் உள்ளறைக் கதவு சாத்தித்தான் இருந்தது. ஆனால் ஒட்டுப்பலகைக் கதவு. ஒரு சொல் விடாமல் வெளியே கேட்டது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பதினோரு பேரும் தங்கள் வலியை மறந்து காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

பன்னிரண்டாவது ஆள் கொழுந்தன். போன வாரம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி, ஈறில் மூன்று தையல் போட்டு அனுப்பியிருந்தார்கள். இன்றைக்குத் தையல் பிரிக்க வேண்டும். தனியாக வரப் பயம். வெளியில் சொல்ல வெட்கம். அதனால் அண்ணியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான்.

அண்ணி சாதாரண ஆள் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபது வருடம் பொய் க்ளெய்ம்களைப் பிடித்துப் பிடித்து, பிறகு சொந்தமாகவே துப்பறியும் ஆபீஸ் போட்டவள். ஆபீஸில் மொத்தம் இரண்டு பேர். ஒருவர் அண்ணி. இன்னொருவன் வாயை மூட முடியாத இந்தக் கொழுந்தன்.

உள்ளே மூன்றாவதாக ஒரு குரல் குழைந்தது.

"ஒத்த வரிதானேம்மா. 'மீன் தேர்வில் என் கவனக்குறைவு.' அவ்ளோதான். டாக்டர் மனசு ஆறிடும்ல."

"உங்க மனசும் ஆறிடும் முதலாளி. அந்த வரியைக் காட்டி நாளைக்கே என்னைக் கடையை விட்டு அனுப்பிடுவீங்க. இன்னும் மூணு இடத்துல நான் பாக்குற தொட்டியும் என் கையை விட்டுப் போயிடும். எட்டு வருஷமாப் பவளத் தொட்டிக்கு மீன் பொறுக்குறேன். ஒரு பவளம் ஒரு மீனால போனதில்ல. கால் உடைஞ்சு அஞ்சு வாரம் படுத்துக் கிடந்துட்டு இன்னைக்குத்தான் வர்றேன். பின்வாசல் வழியாக் கூப்பிட்டு, தொட்டியைக் கண்ணாலகூடப் பாக்க விடாம, பேப்பரை நீட்டுறீங்க!"

"அண்ணி," என்று கிசுகிசுத்தான் கொழுந்தன், "இந்தப் பொண்ணு பேசுறதைக் கேட்டா எனக்கே பல்வலி போயிடுச்சு."

அண்ணியின் கண் எதிர்ச் சுவரில் இருந்தது. ஆறடி நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி. உள்ளே பாறைகள், பாறைகள் மேல் உயிரோடு வளரும் பவளங்கள். நடுவில் மனித மூளையைப் போல மடிப்பு மடிப்பாக ஒரு பவளம், பாதி சதை போய் வெள்ளை எலும்பு தெரிந்தது. அதைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு மீன்கள், ஒன்றுமே தெரியாத மாதிரி வண்ண வண்ணமாக நீந்திக்கொண்டிருந்தன.

தொட்டி மேல் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. 'உள்ளே கை வைக்காதீர்கள். டாக்டராக இருந்தாலும்.'

"எழுந்திரு தம்பி," என்றாள் அண்ணி.

"என்னை இன்னும் கூப்பிடலையே?"

"என்னைக் கூப்பிட்டாச்சு."

கதவைத் தட்டினாள். திறந்தாள். தட்டியதற்கும் திறந்ததற்கும் நடுவே இடைவெளி இல்லை.

உள்ளே வெள்ளைக் கோட்டுப் பல் டாக்டர், முகம் சிவந்து. அவர் பக்கத்தில் மீன் கடை முதலாளி, கையில் பேனாவை நீட்டியபடி. எதிரே ஊன்றுகோலோடு ஒரு பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். உட்காரச் சொல்லவில்லை போலிருக்கிறது, நின்றுகொண்டிருந்தாள். தொட்டிக்காரி என்றுதான் ஆஸ்பத்திரியில் அவளைக் கூப்பிடுவார்கள்.

"என்னம்மா இது, நோயாளிங்க இப்படி உள்ள வரக்கூடாது," என்றார் டாக்டர்.

"நோயாளி இவன். நான் கூட வந்தவ." அண்ணி தன் அட்டையை மேசை மேல் வைத்தாள். "டாக்டர், நீங்க போட்ட சத்தத்துல வெளிய பதினோரு பேர் இந்தப் பொண்ணு தப்பு பண்ணினதா முடிவு கட்டிட்டாங்க. ஒரு முறை அவ தொட்டியைப் பாக்கட்டும். அதுக்கப்புறமும் நீங்க சொல்றதுதான் சரின்னா பேப்பரை நானே பிடிச்சுக் கொடுக்குறேன்."

டாக்டர் மறுப்பதற்கு வாயைத் திறந்தார். திறந்த கதவு வழியாகப் பதினோரு முகங்கள் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. வாயை மூடிக்கொண்டார்.

"பாக்கட்டும். எனக்கென்ன பயம்?"

தொட்டிக்காரி ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். மூளைப் பவளத்தைப் பார்த்ததும் ஒரு நிமிடம் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அழுவாள் என்று கொழுந்தன் எதிர்பார்த்தான். அழவில்லை. நிமிர்ந்தாள்.

"எப்படிப் பொறுக்குவீங்க? எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க," என்றாள் அண்ணி.

"எல்லாரும் நிறத்தைப் பாத்து வாங்குவாங்க மேடம். நான் வாயைப் பாத்து வாங்குவேன். தண்ணில மிதந்து வர்றதைப் பிடிக்கிற வாய், பாறையில பாசி மேயுற வாய், ரெண்டும் பவளத்துக்குச் சிநேகம். கொத்திப் பிடுங்குற வாய் ஆகாது. எவ்ளோ அழகா இருந்தாலும் ஆகாது."

"அண்ணி வீட்டுல மாப்பிள்ளை பாக்கும்போதும் இதைச் சொல்லியிருந்தா என் அண்ணன் தேறியிருக்க மாட்டான்," என்றான் கொழுந்தன்.

"சும்மா இரு தம்பி. நீங்க ஒவ்வொண்ணாச் சொல்லுங்க."

தொட்டிக்காரி விரலை நீட்டினாள். "அந்த ஆரஞ்சு, வெள்ளைப் பட்டை போட்டது கோமாளி மீன், ஜோடி. சாதுங்க. அது முன்பாதி ஊதா பின்பாதி மஞ்சள், பாறை இடுக்கை விட்டு வராது. அது செவ்வால், மிதக்குற தீனிதான் அதுக்கு. இந்த நீலப்பச்சைக் கூட்டம் ஏழு பேர், பவளத்துக்குள்ள தூங்கும், தின்னாது. அப்புறம் என் மஞ்சள். பாசி தின்னி, மாடு மாதிரி மேயும்..."

விரல் அப்படியே நின்றது.

மஞ்சள் மீன் ஒன்று பாறைக்குப் பின்னாலிருந்து வந்தது. எலுமிச்சம்பழத்தைத் தட்டையாக்கிவிட்ட மாதிரி பளீரென்ற மஞ்சள். நேராக மூளைப் பவளத்துக்குப் போனது. ஒரே கொத்து. சதையில் ஒரு துணுக்கைப் பிய்த்துக்கொண்டு திரும்பியது.

"இது யாரு?" என்றாள் தொட்டிக்காரி.

"யாரா? நீ போட்ட மஞ்சள் மீன்!" என்றார் டாக்டர். "பாத்தீங்கல்ல எல்லாரும்? கண் முன்னாலயே கடிக்குது!"

"சார், இது என் மீன் இல்ல. இது ஏஞ்சல் மீன். சதைப் பவளத்தைப் பாத்தா விடவே விடாது. நான் இலவசமாக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன். நான் போட்டது எல்லோ டாங். ரெண்டும் தூரத்துல பாத்தா ஒண்ணு மாதிரி இருக்கும்."

"நல்லா இருக்கே கதை! மஞ்சள்னா மஞ்சள்தான். பில்லுல 'மஞ்சள் மீன் ஒன்று'ன்னுதானே இருக்கு? இல்லைங்களா முதலாளி?"

முதலாளி நெளிந்தார். "பில்லுல அப்படித்தாங்க. எனக்குத் தங்கமீன், பம்பு, தீனி, இதுதான் தெரியும். உப்புத்தண்ணி மீனெல்லாம் இவ கண்ணு. நான் ஞாயித்துக்கிழமை வந்து தண்ணி மாத்தினதோட சரி, எது எதுன்னு பாக்கல."

கொழுந்தன் தொண்டையைக் கனைத்தான். "அக்கா, தொட்டி வெச்ச அன்னைக்கு போட்டோ கீட்டோ எடுத்திருப்பீங்களே?"

தொட்டிக்காரி போனை எடுத்தாள். ஒரே ஒரு படத்தில்தான் மஞ்சள் மீன் இருந்தது. அதுவும் பாறை இடுக்கில் முகத்தைச் செருகிக்கொண்டு, பின்பக்கத்தைக் காட்டியபடி.

டாக்டர் சிரித்தே விட்டார். "முகமே இல்லையே. இதை வெச்சு என்ன அடையாளம் காட்டுவ?"

"வாலைக் காட்டுவேன்," என்றாள் தொட்டிக்காரி. படத்தைப் பெரிதாக்கினாள். வால் தொடங்கும் இடத்தில் அரிசி அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு. "இது கத்தி. எல்லோ டாங்குக்கு ரெண்டு பக்கமும் இருக்கும். சண்டைன்னா இதைத்தான் வீசும். இப்ப உள்ள இருக்கிறதைப் பாருங்க. வாலு சுத்தம். கண்ணைச் சுத்தி நீல வளையம் இருக்கு. கன்னத்துல பாருங்க, பின்பக்கம் நீட்டிக்கிட்டு ஒரு முள்ளு. ஏஞ்சல் இனத்துக்கு மட்டும்தான் அது உண்டு."

பதினோரு பேரும் இருக்கையை விட்டு எழுந்து தொட்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். கன்னம் வீங்கிய டீச்சர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "ஆமா, முள்ளு இருக்கு," என்றார். பக்கத்தில் வழுக்கைத்தலைக்காரர் ஒருவர், "வால்ல கத்தி இல்ல," என்று உறுதி செய்தார்.

கூட்டத்தின் காற்று மாறியதை முதலாளி கண்டுகொண்டார். உடனே கட்சி மாறினார், ஆனால் தப்பான பக்கமாக.

"அப்போ மீனை மாத்தினது நீதான்! காலை உடைச்சுக்கிறதுக்கு முன்னாடியே நல்ல மீனை வெளிய வித்துத் தள்ளிட்டு, இதைப் போட்டு வெச்சிருக்க!"

தொட்டிக்காரியின் காது மடல் சிவந்தது. "முதலாளி, எட்டு வருஷம் உங்க கடையில உப்புத் தண்ணியில ஊறின கை இது. அந்தக் கையைத் திருட்டுக் கைன்னு சொல்லிட்டீங்க. சரி. இன்னைக்கு இது யாரு வேலைன்னு தெரியாம இந்த வாசலைத் தாண்ட மாட்டேன். ஆஸ்பத்திரியைப் பூட்டினாலும் உள்ளயே இருப்பேன்."

"தாண்ட வேண்டாம்," என்றாள் அண்ணி. "தொட்டிக்குக் கீழ இருக்கிற அலமாரியைத் திறங்க."

உள்ளே உப்பு வாளி, சோதனைக் குப்பிகள், தொட்டிக்காரியின் பிளாஸ்டிக் ஜாடி. கூடவே பிரிக்காத ஒரு பொட்டலம்.

"பாசித் தாள்!" தொட்டிக்காரி பொட்டலத்தைப் பிடுங்கினாள். "தினம் ஒரு துண்டு கிளிப்புல மாட்டணும்னு எழுதிக் கொடுத்துட்டுப் போனேனே. அஞ்சு வாரம் என் மஞ்சளுக்கு என்ன கொடுத்தீங்க?"

அவள் தொட்டியின் பின்கண்ணாடியை எட்டிப் பார்த்தாள். ஒரு பொட்டு அழுக்கு இல்லை. பளிங்கு மாதிரி மின்னியது.

"இதை யாரு தேய்ச்சது? பின்கண்ணாடியை நான் தொடவே மாட்டேன். பச்சையாப் படிஞ்சு கிடக்கும். அதான் அதோட மேய்ச்சல் நிலம்."

"கண்ணாடிக்குக்கூடப் பல் விளக்கி விட்டிருக்காங்க," என்றான் கொழுந்தன்.

அண்ணி சட்டென்று அவனைத் திரும்பிப் பார்த்தாள். பாராட்டா, எச்சரிக்கையா என்று அவனுக்கு விளங்கவில்லை. அவள் அலமாரியின் மூலையில் கையை விட்டு இன்னொரு பொருளை வெளியே எடுத்தாள். பச்சை வலை. கைப்பிடியில் வேறொரு மீன் கடையின் விலைச்சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது.

"இது உங்களுதா?"

"இல்ல மேடம். முள்ளு மீன் எதையும் நான் வலையில பிடிக்க மாட்டேன். அந்தக் கன்னத்து முள்ளு வலைக் கண்ணுல மாட்டிக்கிச்சுன்னா விடுவிக்கவே முடியாது, வலையை வெட்டித்தான் எடுக்கணும். ஜாடியிலதான் பிடிப்பேன். மீன் தொழில் பண்ற யாரா இருந்தாலும் அப்படித்தான்."

"அப்போ முதலாளியும் இல்ல," என்றாள் அண்ணி.

முதலாளி பெருமூச்சு விட்டார். "நான்தான் சொன்னேனே!"

"நீங்க ஒண்ணும் சொல்லல. இது புது ஆளு வேலை. மீனை வாங்கிட்டு வந்தாரு, வலையில அள்ளினாரு, முள்ளு மாட்டிக்கிச்சு, வலையை வெட்டினாரு. ஆனா பாருங்க, வெட்டின வலையைத் தூக்கிப் போட மனசு வரல. தைச்சு வெச்சிருக்காரு."

வலையை வெளிச்சத்தில் விரித்தாள். நடுவில் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிசல். கறுப்பு நூலில் அழகாகத் தைத்திருந்தது.

கொழுந்தன் குனிந்து பார்த்தான். அவன் நாக்கு தானாகவே வாய்க்குள் இடது பக்கம் போனது. ஒரு வாரமாக இதே வேலை. ஈறில் உள்ள மூன்று முடிச்சுகளையும் நாக்கு விடாமல் தடவிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முடிச்சிலும் இரண்டு நூல் நுனி, பூனை மீசை மாதிரி குத்தும்.

வலையிலும் பூனை மீசை.

"அண்ணி," என்றான். குரலில் கிண்டல் போயிருந்தது. "எங்க அம்மா பாவாடை கிழிஞ்சா தைப்பாங்களே, ஒரே நூலா ஓட்டிக்கிட்டே போய்க் கடைசியில ஒரு முடிச்சு. யாரா இருந்தாலும் அப்படித்தான் தைப்பாங்க. இதுல அஞ்சு தையல் இருக்கு. அஞ்சும் தனித்தனி. ஒவ்வொண்ணுக்கும் ஒரு முடிச்சு, ஒவ்வொண்ணா வெட்டி விட்டிருக்கு."

"அதனால?"

"அதனால..." வாயை அகலத் திறந்து, விரலால் கன்னத்தை இழுத்து, கூட்டத்துக்கே காட்டினான். "இஹே ஹையல் என் வாயில இஉக்கு!"

கன்னம் வீங்கிய டீச்சர் தயங்காமல் அவன் வாய்க்குள் எட்டிப் பார்த்தார். பிறகு வலையைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி டாக்டரைப் பார்த்தார்.

எல்லோரும் பார்த்தார்கள்.

"உள்ள வாங்க," என்றார் டாக்டர். "நீங்க, நீங்க, நீ. உள்ள வாங்க."

அண்ணி, முதலாளி, தொட்டிக்காரி மூவரோடும் கூப்பிடாத கொழுந்தனும் நுழைந்துகொண்டான். அறைக்குள் போனதும் டாக்டர் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். சத்தமே இல்லை.

"கண்ணாடியில பச்சையா படிஞ்சிருந்துச்சு. எனக்கு அது பல்லுல காரை பிடிச்ச மாதிரியே தெரிஞ்சுது. கண் பொறுக்கல. வாரத்துக்கு ரெண்டு தடவை நானே சுத்தம் பண்ணேன். மூணாவது வாரம் மீன் வயிறு ஒட்டிப் போய், ஒருநாள் காலையில செத்து மிதந்துச்சு. உனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல. அந்தக் காகிதத்தை வேற ஒட்டி வெச்சிருக்க. வேற கடைக்குப் போனேன், மஞ்சளா ஒண்ணு கேட்டேன். கொடுத்தான். அது பவளத்தைத் தின்னும்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"தெரியாதது தப்பு இல்ல சார்," என்றாள் தொட்டிக்காரி. "தெரிஞ்சப்புறம் என் கையில பேனாவைத் திணிச்சீங்களே."

டாக்டர் மேசையில் கிடந்த பேப்பரை எடுத்து இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "பேப்பர் இல்ல. முடிஞ்சுது. நீ எப்பவும் போல வேலையைப் பாரு. முதலாளியும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. இந்த நாலு சுவத்துக்குள்ளயே இருக்கட்டும். என்ன?"

"அதானே," என்றார் முதலாளி. "பெரிய மனசு பண்ணி விட்டுரும்மா."

கொழுந்தன் அவளைப் பார்த்தான். வேலை போகாது. கெட்ட பெயர் எழுத்தில் வராது. இதற்கு மேல் என்ன வேண்டும்? தலையை ஆட்டிவிடுவாள் என்றுதான் நினைத்தான்.

அவள் ஊன்றுகோலை நீட்டி, அதன் நுனியாலேயே கதவைத் தள்ளித் திறந்தாள்.

"என்னைத் திட்டும்போது இந்த நாலு சுவரு போதலையே சார். வெளிய வரைக்கும் கேட்டுச்சே. உண்மையைச் சொல்லும்போது மட்டும் எதுக்குச் சுவரு? வாங்க. அங்க வந்து சொல்லுங்க."

"நான் இந்த ஆஸ்பத்திரியோட டாக்டர்ம்மா. நாளைக்கு இவங்க என்கிட்ட வாயைத் திறக்க வேண்டாமா?"

"நானும் என் தொழில்ல டாக்டர்தான். நாளைக்கு என்கிட்ட யாராவது தொட்டியைத் திறக்க வேண்டாமா?"

அண்ணி கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். இனி இதில் தனக்கு வேலையில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

தொட்டிக்காரி காத்திருக்கவில்லை. நேரே தொட்டிக்குப் போனாள். கையை முழங்கை வரை கழுவினாள். ஜாடிக்குள் பாசித் தாளில் ஒரு கிள்ளு வைத்து, பாறை ஓரமாகச் சாய்த்து இறக்கினாள். அசையாமல் நின்றாள். கால் வலித்திருக்கும், முகத்தில் தெரிந்தது. டீச்சர் நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். உட்காரவில்லை. பத்து நிமிடம். மஞ்சள் மீன் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் ஜாடிக்குள் தலையை விட்டது. மெல்லத் தூக்கினாள்.

"இது மேல கோபம் இல்ல," என்றாள் யாரிடமோ. "பவளம் இல்லாத தொட்டியில இது ராஜா மாதிரி இருக்கும். இங்க கொண்டாந்து விட்டவங்க தப்பு."

நிமிர்ந்தபோது டாக்டர் கூடத்தில் நின்றிருந்தார். வெள்ளைக் கோட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். பதினோரு பேரையும் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

"மீனை மாத்தினது நான்தான். அந்தப் பொண்ணு மேல தப்பில்ல," என்று முனகினார்.

பின்வரிசையில் இருந்து வழுக்கைத்தலைக்காரர் கையை உயர்த்தினார்.

"கேக்கலைங்க டாக்டர். உள்ள திட்டும்போது நல்லாக் கேட்டுச்சு. அந்த அளவுக்குச் சொல்லுங்க."

டாக்டர் தொட்டிக்காரியைப் பார்த்தார். விட்டுக்கொடுப்பாளா என்று தேடினார். அவள் ஜாடியை இரண்டு கையாலும் பிடித்தபடி, கண் சிமிட்டாமல் நின்றாள்.

இரண்டாவது முறை சொன்னார். தெருவில் போன ஒருவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

முதலாளி ஓடி வந்தார். "சரி சரி, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. திங்கக்கிழமை காலையில கடைக்கு வந்துரும்மா. என்ன, வருவல்ல?"

"திருட்டுக் கைன்னு சொன்னது நீங்க. அதை நீங்க இன்னும் வாபஸ் வாங்கல," என்றாள் தொட்டிக்காரி. "இந்த மூளைப் பவளம் பொழைக்க ஆறு மாசம் ஆகும், தினம் யாராவது பாக்கணும். அதுக்காக நான் வரணும். உங்களுக்காக வரக்கூடாது. யோசிச்சுச் சொல்றேன்."

ஜாடியோடு வாசலைத் தாண்டினாள். கொழுந்தன் ஓடிப் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டான். தையல் பிரிக்காமலே.

இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களிடம்தான் கேட்கிறேன். கடை முதலாளி இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. பவளமோ இவள் கை இல்லாவிட்டால் பிழைக்காது. திங்கட்கிழமை அவள் அந்தக் கடைக்குப் போக வேண்டுமா, கூடாதா? நீங்கள் அவள் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? ஒரே வரி போதும். காரணத்தோடு கீழே எழுதுங்கள்.